ரணஜன்னி ஊசியும் பெற்றோர் மறுப்பும்

ரணஜன்னித் தடுப்பூசி குழந்தைக்கு அவசியமில்லை என்னும் அபிப்பிராயம் தவறானது. அதை நம்பி நடக்கும் பெற்றோர் தம்மை அறியாமலே தம் குழந்தையின் உயிரைப் பணயமாக வைக்கின்றனர். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நலம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலும் இவ்வாறு பேசுவோர் கல்வியற்றவர்களோ பிள்ளைப் பாசம் இல்லாதவர்களோ அல்லர். நாலு புத்தகம் படித்து, குழந்தையின் உணவிலும் உறக்கத்திலும் மிகுந்த சிரத்தை காட்டுகிறவர்களே அவர்களில் பலர். வெளிப்படையாக மறுப்போரைவிட, கைக்குழந்தைப் பருவத்து மூன்று தவணைகளோடு நிறுத்திவிட்டு, "அடிபட்டா அப்ப ஒரு டி.டி. போட்டுக்கலாம்" என்று மனச்சாந்தி கொள்வோர் இன்னும் அதிகம். இவ்விரு சாராருக்கும் சேர்த்தே இந்த மறுமொழி.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டாரோடு சேர்த்துப் பேசப்படும் ஊர். அவருடைய மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றியபோது, பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கத்தை முன்னும், தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்தைப் பின்னுமாக வகுத்தார். எதிராளியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்து வைத்த பிறகே அதை மறுக்கப் புகுவது இந்த மண்ணுக்குப் பழகிய நியாயம். நானும் அவ்வாறே செய்கிறேன்.

பூர்வபட்சம் இது. ரணஜன்னி இன்று கண்ணில் படாத நோய். இந்தத் தலைமுறைப் பெற்றோரில் அந்நோயாளி ஒருவரை நேரில் பார்த்தவர் அரியர். அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே ஊசி போடாத குழந்தையால் அயல்வீட்டுக் குழந்தைக்கு யாதொரு அபாயமும் விளையாது. காயம் பட்டால்தான் அந்நோய் வரும்; காயம் பட்டால் மருத்துவமனைக்கு ஓடி ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அவ்வாறிருக்க, பிறந்து ஆறு வாரமே ஆன சிசுவின் தொடையில் ஐந்து நோய்களுக்கான மருந்தை ஒருசேரச் செலுத்தி, அது இரவெல்லாம் காய்ச்சலில் அழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பானேன்? நம் பாட்டனும் பாட்டியும் ஊசியின்றி நெடுநாள் வாழவில்லையா? தாய்ப்பாலும் நல்ல உணவும் தராத எதிர்ப்புச் சக்தியை ஓர் ஊசி தந்துவிடுமா? ஊசியால் மருந்துக் கம்பெனிக்கு லாபம் உண்டு. நம் பிள்ளைக்கு என்ன உண்டு என்று தீர்மானிக்கும் உரிமை, பெற்றவர்களாகிய நமக்கு இல்லையா?

இவ்வாதத்தில் உண்மைகள் உண்டு. ரணஜன்னி ஒட்டுவாரொட்டி அன்று என்பது உண்மை. அது அரிதாகிவிட்டது உண்மை. ஊசிக்குப் பின் காய்ச்சல் வருவதும் உண்மை. இவ்வுண்மைகளிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவைத்தான் நான் மறுக்கிறேன். மறுக்குமுன், நோயின் இயல்பைச் சற்று நெருங்கிப் பார்த்துவிடுவது அவசியம்.

1884இல் ஜெர்மனியில் நிக்கோலையர் என்பவர், சாதாரண மண்ணைப் பிராணிகளின் உடலில் புகுத்தி இந்நோயை உண்டாக்கிக் காட்டினார். 1889இல் ஜப்பானியரான கிட்டசாட்டோ அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். காற்றுப்படும் இடத்தில் அது வளராது. ஆனால் வெயிலையும் வறட்சியையும் தாங்கும் வித்துருவில் மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆழமாய்க் குத்தி மேலே மூடிக்கொண்ட காயம் கிடைத்தால் அங்கே முளைத்து விஷத்தைச் சுரக்கும். அவ்விஷம் நரம்பு வழியே தண்டுவடத்தை அடைந்து, தசைகளைத் தளரச் செய்யும் சமிக்ஞைகளை அடைத்துவிடுகிறது. முதலில் தாடை பூட்டிக்கொள்ளும். குழந்தை வாய் திறந்து பால் குடிக்க மாட்டாது. பிறகு கழுத்து, வயிறு, முதுகு ஒவ்வொன்றாக இறுகி, உடல் பின்பக்கமாய் வில்லாக வளையும். கதவு சாத்தும் சத்தம், விளக்கின் வெளிச்சம், செவிலியின் கைபடுவது, இவற்றுள் எதுவும் அடுத்த இழுப்பைத் தூண்டக்கூடும் என்பதால், இருட்டாக்கிய அறையில் அரவமின்றி நோயாளியைக் கிடத்துவார்கள். இத்தனையிலும் அறிவு மயங்குவதில்லை. தன் உடம்பு தன்னை முறிப்பதைக் குழந்தை முழுப் பிரக்ஞையோடு அனுபவிக்கிறது. பெற்றோர் "வேண்டாம்" என்று சொல்லும்போது எதனை எதிர்கொள்ளத் தம் பிள்ளையை விட்டுவைக்கிறார்கள் என்பதற்காகவே இதனைக் கூறினேன். இனி ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. "அந்த நோய் இப்போது எங்கே இருக்கிறது?"

மண்ணில் இருக்கிறது. பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்க முடிந்ததற்குக் காரணம், அது மனிதரிடத்தில் மட்டுமே வாழ்ந்தது; மனிதரிடமிருந்து விரட்டப்பட்டதும் அதற்குப் புகலிடம் இல்லாமற் போயிற்று, அம்மை குத்துவதும் நின்றது. ரணஜன்னிக் கிருமிக்கோ மனித உடல் தற்செயலாய் வாய்த்த இடம். அதன் நிலையான வாசஸ்தலம் நிலமும் கால்நடைகளின் குடலும். ஆகவே அதனை ஒருகாலும் உலகை விட்டு ஒழிக்க இயலாது.

2015இல் இந்தியா தாய்-சேய் ரணஜன்னியை நீக்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பின் பொருள், ஒவ்வொரு மாவட்டத்திலும் உயிரோடு பிறக்கும் ஆயிரம் சிசுக்களில் ஒன்றுக்கும் குறைவாகவே இந்நோய் காண்கிறது என்பது. கிருமி நாட்டை விட்டுப் போயிற்று என்பதன்று. சில பத்தாண்டுகளுக்கு முன் இதே நாட்டில் ஆண்டுதோறும் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் சிசுக்களுக்கு இந்நோய் கண்டது. அந்த இடைக்காலத்தில் மாறியவை கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் போட்ட ஊசியும், சுத்தமாக நடந்த பிரசவமுமே; மண் மாறவில்லை.

எந்த மண் என்று கேட்டால், நாம் தினமும் மிதிக்கும் மண்தான். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. என்ற பெயரில் மல்லாட்டை ரகங்களை வெளியிட்டுப் புகழ்பெற்ற பூமி இது. மல்லாட்டை பிடுங்கும் நாளில் பெரியவர்களோடு வயலுக்குப் போன பிள்ளை வெறுங்காலோடு ஓடுகிறது. கரும்புக் கொல்லையில் சோகை கீறுகிறது. நுங்குக்காகப் பனையடியில் நிற்கும் சிறுவன் கையில் பனங்கருக்கு அறுக்கிறது. ஏரிக்கரையில் சீமைக் கருவேல முள் உள்ளங்காலில் ஏறி ஒடிந்துகொள்கிறது. தொழுவத்துச் சாணத்தில் கால் வைக்காமல் கிராமத்துக் குழந்தை ஒரு நாளைக் கழிப்பதில்லை. துருப்பிடித்த ஆணியைக் கண்டுதான் நாம் பயப்படுகிறோம். துருவுக்கும் இந்நோய்க்கும் சம்பந்தமில்லை, ஆணியில் ஒட்டியிருக்கும் மண்ணுக்கே சம்பந்தம். நகரத்தில் வாழ்கிறோம் என்று விழுப்புரத்துப் பெற்றோர் தப்பவும் முடியாது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவன் முழங்காலில் புகுவதும் சாலையோரத்து மண்தான்.

2. "மற்றப் பிள்ளைகள் எல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறார்களே!"

போட்டுக்கொண்டிருக்கட்டும், அதனால் உங்கள் பிள்ளைக்கு ஒரு மணியளவு பிரயோஜனமும் இல்லை. தட்டம்மை, தொண்டை அடைப்பான் முதலிய தொற்றுநோய்களில், ஊரில் பெரும்பாலோர் ஊசி போட்டிருந்தால் நோய் பரவ வழியற்று, போடாத சிலரும் அந்த நிழலில் தப்பித்துக்கொள்வார்கள். இந்த வழக்கை ரணஜன்னிக்கும் பொருத்துவது பெரும்பிழை. இந்நோய் அயல்வீட்டுப் பிள்ளையிடமிருந்து வருவதன்று. ஆதலால் அயல்வீட்டுப் பிள்ளையின் ஊசி அதைத் தடுப்பதுமன்று. ஊரில் ஆயிரம் குழந்தைகளில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் போட்டுக்கொண்டாலும், எஞ்சிய ஒரு குழந்தைக்கு முள் குத்தும்போது அது அறவே காப்பற்று நிற்கிறது.

ஒட்டுவாரொட்டி அன்று என்பதை மறுப்பாளர் தமக்குச் சாதகமான சான்றாகக் கூறுகின்றனர். ஆராய்ந்து பார்த்தால் அதைவிட அவர்களுக்குப் பாதகமான சான்று வேறில்லை. பிறருக்குத் தீங்கில்லை என்பது சரியே. தீங்கு முழுவதும் தம் குழந்தையின் மேலேயே வந்து விழும் என்பதே அதன் மறுபாதி. சமூகத்துக்காகப் போடும் ஊசிகள் சில உண்டு என்றால், இது முற்றிலும் அந்தக் குழந்தைக்காகவே போடுவது.

3. "அடிபட்டால் டி.டி. போட்டுக்கொள்ளலாம்!"

எல்லா ஆட்சேபங்களிலும் செல்வாக்கு மிகுந்தது இதுவே. நம் ஊர்களில் இது ஆட்சேபமாகக்கூடத் தோன்றாமல் பொது அறிவாகவே உலவுகிறது. ஆகையால் இதனைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டி.டி. எனப்படும் ரணஜன்னி ஊசியும், இப்போது அதன் இடத்தில் போடப்படுவதும் டி.டி. என்றே மக்கள் அழைப்பதுமான ரணஜன்னி-தொண்டை அடைப்பான் கூட்டு ஊசியும், விஷமுறிவு மருந்து அல்ல. வீரியம் நீக்கிய விஷத்தை உடலுக்கு அறிமுகம் செய்து, எதிர்ப்பொருளைத் தானே தயாரித்துக்கொள்ளக் கற்பிப்பதே அதன் வேலை. முன்பே முறையாகத் தவணைகள் பெற்ற உடல் அந்த ஊசியைக் கண்டதும் பழைய பாடத்தை நினைவுகூர்ந்து சில நாட்களிலேயே எதிர்ப்பொருளைப் பெருக்கிவிடும்; காயத்துக்குப் பின் போடும் ஊசி பயன்படுவது அதனால்தான். ஒரு தவணையும் பெறாத உடலுக்கோ அது முதல் பாடம்; முதல் தவணையால் கிடைக்கும் காப்பு மிக அற்பம்; நாலு வாரம் கழித்து இரண்டாவது, அதன் பின் மூன்றாவது என்று போனால்தான் காப்பு நிலைபெறும். நோயோ பெரும்பாலும் மூன்று நாள் முதல் மூன்று வாரத்துக்குள் தலைகாட்டிவிடும். செக்குக்காரர் வாசலில் வந்து நின்ற பிறகு மல்லாட்டை விதைக்கப் புறப்படுவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

அத்தகைய குழந்தைக்கு ஆயத்தமான எதிர்ப்பொருளையே நேராகச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் கூடவே வேண்டும். அது வேளையோடு கிடைத்தால் இரத்தத்தில் உலவும் விஷத்தை முறிக்கும். நரம்பில் பதிந்துவிட்ட விஷத்தை அதனாலும் திருப்பி எடுக்க முடியாது. பதிந்த விஷத்தின் விளைவு நீங்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதே.

அன்றியும், காயம் பட்டது தெரிந்தால்தானே ஊசி போட ஓடுவீர்கள்? உள்ளங்காலில் ஏறிய முள்ளைப் பிள்ளை தானே பிடுங்கி எறிந்துவிட்டு விளையாடப் போய்விடுகிறது. மாலையில் அம்மாவிடம் சொல்வதுகூட இல்லை. நாட்பட்டுச் சீழ் வடியும் காது வழியாகவும் குழந்தைகளுக்கு இந்நோய் வருவதுண்டு. அங்கே ஓடிப்போய்க் காட்டக் காயமே கிடையாது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2017இல் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். ஒரு தடுப்பூசியும் போடாமல் வளர்ந்த ஆறு வயதுச் சிறுவன் பண்ணையில் விளையாடி நெற்றியில் வெட்டுப்பட்டான். வீட்டிலேயே கழுவித் தையல் போட்டார்கள். ஆறாம் நாள் தாடை இறுகிற்று. விமானத்தில் கொண்டுசென்றும், இம்யூனோகுளோபுலின் கொடுத்தும், 57 நாள் மருத்துவமனையில் கிடந்தான். அவற்றில் 47 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில். செலவு எட்டு லட்சம் டாலருக்கு மேல். அம்மாநிலத்தில் 30 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குழந்தைக்கும் வராத நோய் அது. உலகின் மிகச் செழிப்பான மருத்துவ வசதிக்கு நடுவிலேயே இந்நிலை என்றால், "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லுக்கு முண்டியம்பாக்கம் மருத்துவமனையிலோ புதுச்சேரியிலோ ஒரு தீவிர சிகிச்சைக் கட்டிலைத் தேடி அலைவது என்பதைத் தவிர வேறு பொருள் உண்டா?

4. "இயற்கையே எதிர்ப்புச் சக்தி தராதா?"

தராது, இந்நோயில் இயற்கை தருவதே இல்லை. அம்மை கண்டு பிழைத்தவனுக்கு மறுபடி அம்மை வராது என்பது நாம் கண்ட அனுபவம். ரணஜன்னி கண்டு பிழைத்தவனுக்கு மறுபடியும் ரணஜன்னி வரும். ஏனெனில் இவ்விஷம் உயிரைப் போக்கத் தேவையான அளவு அத்தனை நுண்ணியது. உடல் அதனை அறிந்து எதிர்ப்பொருள் உண்டாக்கப் போதுமான அளவைவிடக் குறைவானது. நோய் வந்து தேறியவருக்கும் தடுப்பூசித் தவணைகளை முழுமையாகப் போட வேண்டும் என்று மருத்துவர் விதிப்பது இதனால்தான். நோயே கற்பிக்காத பாடத்தைக் கம்பங்கூழும் தாய்ப்பாலும் எவ்வாறு கற்பிக்கும்? இரண்டும் மிக நல்லவை; குழந்தைக்கு அவசியமானவை; இந்தக் காரியத்துக்கு அவை கருவி அல்ல.

தாயிடமிருந்து சேய்க்கு இயற்கை வழங்கும் காப்பு ஒன்று உண்டு. கர்ப்பிணிக்கு ஊசி போட்டால் அவள் உடலில் விளையும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சிசுவை அடைந்து பிறந்த முதல் வாரங்களில் காக்கிறது. ஆனால் அதைத் தாய் பெற்றதும் ஊசியால்தான்.

முன்னோர் வாழ்ந்ததைப் பற்றி: தொண்ணூறு வயது வாழ்ந்த பாட்டியை நாம் காண்கிறோம், அவளோடு பிறந்து பத்து நாளில் மறைந்த சிசுக்களை நாம் காண்பதில்லை, அவர்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. தொப்புள்கொடியைக் கையில் அகப்பட்ட கத்தியால் அறுத்து, அவ்விடத்தில் சாணத்தையும் சாம்பலையும் அப்பிய வழக்கம் நம் நாட்டில் வேண்டிய அளவு இருந்தது. பிறந்து சில நாள் நன்றாகப் பால் குடித்த சிசு திடீரென வாய் பூட்டி விறைத்து மடிந்ததைத் தெய்வ குற்றம் என்றும் தோஷம் என்றும் சொல்லித் தேறினார்கள். தமிழ்நாட்டில் 1971இல் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 113 ஓராண்டு நிறையுமுன் மாண்டன. 2020இல் அவ்வெண்ணிக்கை 13. இந்த மாறுதல் முழுவதும் ஒரே ஊசியால் வந்தது என்று நான் கூறவில்லை. உணவும் சுகாதாரமும் மருத்துவமனைப் பிரசவமும் சேர்ந்தே சாதித்தன. பழங்காலம் சிசுக்களுக்குப் பொற்காலம் அன்று என்பதற்கு மட்டும் இச்சான்று போதும். 2018இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முனைந்து ஓர் இளம் ஆசிரியை உயிரிழந்தபோது, அந்தப் பொற்காலப் பிரமைக்கு இக்காலத்திலும் விலை உண்டு என்பதைத் தமிழகம் பார்த்தது.

5. "ஊசியால் கேடு வந்தால்?"

இக்கேள்வி நியாயமானது, இதனைக் கேட்கும் தாயைக் கடிந்துகொள்ளும் மருத்துவர் தம் கடமையில் தவறியவர் ஆவார். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அத்துயரத்தை மறைப்பது அறமன்று. அதனை மறந்துவிடும்படி பெற்றோரிடம் கேட்பதும் அறமன்று. 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாமின்போது கைப்பேசிகளில் பரவிய வதந்திகளுக்கு அவ்வளவு சீக்கிரம் செவி கிடைத்ததற்கு இத்தகைய நினைவுகளும் காரணமாயிருக்கலாம். 2005-06இல் தமிழகக் குழந்தைகளில் 80.9 சதவீதம் முழுத் தடுப்பூசி பெற்றிருந்தனர் என்றும், 2015-16இல் அது 69.7க்கு இறங்கி, 2019-21இல் 89.2க்கு ஏறியது என்றும் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகள் கூறுகின்றன. நம்பிக்கை தானே வந்து தானே நிலைத்துவிடும் பொருளன்று.

ஆயினும் அபாயங்களை நிறுத்துப் பார்க்கும்போது இரண்டு தட்டையும் பார்க்க வேண்டும். ஐந்து நோய் ஊசிக்குப் பின் காய்ச்சலும், தொடையில் வீக்கமும், விடாத அழுகையும் வருவதுண்டு. அவை ஓரிரு நாளில் தணிகின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் காரணம் அதிலுள்ள கக்குவான் பகுதியே, ரணஜன்னிப் பகுதி அன்று. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சம் தவணைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கே நேரும் அளவு அரிது; ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வது அதனைக் கவனிப்பதற்காகவே. முந்தைய தவணையில் அத்தகைய கடும் விளைவு கண்ட குழந்தைக்கு மருத்துவரே மறுதவணையை நிறுத்துவார். மறுதட்டிலோ, தீவிர சிகிச்சை இருந்தும் பத்துப் பேரில் ஒருவர் இருவரைக் கொல்லும் நோய். சிகிச்சையற்ற சிசுவாயின் ஏறக்குறைய எல்லாரையும் கொல்லும் நோய். இரண்டாம் உலகப் போரில் ஊசி போடப்பட்ட அமெரிக்கப் படையினரில், காயங்களுக்காக மருத்துவமனையில் சேர்ந்த 27 லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் 12 பேருக்கே ரணஜன்னி கண்டது. போர்க்களத்துச் சேற்றிலேயே காத்த மருந்து, மல்லாட்டைக் கொல்லையில் காக்காதா?

லாபத்தைப் பற்றிய சந்தேகத்துக்கும் விடை எளிது. அரசு மருத்துவமனையில் இவ்வூசிக்கு ஒரு பைசாவும் வாங்குவதில்லை. குன்னூர் பாஸ்டியர் நிலையம் போன்ற பொது நிறுவனங்களே முத்தடுப்பு மருந்தைத் தயாரித்து வழங்கியிருக்கின்றன. அரசு தனியார் கம்பெனிகளிடமும் வாங்குகிறது, உண்மை. ஆனால் சில ரூபாய் விலையுள்ள ஊசியை வெறுத்து, வாரக்கணக்கில் சுவாசக் கருவியில் கிடத்தும் சிகிச்சைக்குப் பிள்ளையை ஒப்புவித்தால், மருந்து வியாபாரத்துக்கு எது அதிக லாபம் என்று அவர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

6. "எங்கள் பிள்ளை, எங்கள் உரிமை!"

உரிமை யாருக்காகத் தரப்பட்டது? ஆறு வாரச் சிசு தனக்காகப் பேச முடியாது; ஆகையால் அதன் நன்மையைக் கருதித் தீர்மானிக்கும் அதிகாரம் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சொத்தைப்போல் அனுபவிக்க வந்த அதிகாரமன்று அது. இன்னொரு ஜீவனுக்காகப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரம். மறுக்கும் பெற்றோரில் பெரும்பாலோர் தாம் சிறுவயதில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். தாம் காப்போடு இருந்துகொண்டு தம் பிள்ளையைக் காப்பின்றி விடுகிறார்கள். விளைவை அனுபவிக்கப் போகிறவரும் தீர்மானிக்கிறவரும் வேறு வேறாக இருக்கும்போது, "எங்கள் விருப்பம்" என்பது போதிய நியாயமாகாது. பெண் குழந்தையாயின் அப்பொறுப்பு மற்றொரு தலைமுறைக்கும் நீளுகிறது. காப்பற்று வளர்ந்தவள் ஊசியின்றியே தாயானால், அவளுக்கு இல்லாத எதிர்ப்பொருள் அவள் சேய்க்கும் இல்லை.

ஆறு ஆட்சேபங்களையும் சேர்த்து நோக்கினால் ஒரே பிழை அவற்றின் அடியில் இருப்பது விளங்கும். ஏனைய நோய்களிலிருந்து கற்ற வழக்குகளை, அவற்றுக்குப் புறம்பான ஒரு நோயின்மேல் ஏற்றிப் பேசுகிறார்கள். ஊர் காக்கும் என்பதும், வந்தபின் மருந்து உண்டு என்பதும், இயற்கை பழக்கிவிடும் என்பதும் வேறு நோய்களில் ஒருவாறு செல்லக்கூடும். ரணஜன்னியில் இம்மூன்று வாயில்களும் அடைபட்டிருக்கின்றன. திறந்திருப்பது ஒன்றே: காயம் படுமுன் தவணைகளை முடித்திருப்பது.

அத்தவணைகள் இவை: பிறந்து ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் மூன்று, ஒன்றரை வயதையொட்டி ஒன்று, ஐந்து வயது நிறைந்தபின் ஒன்று, பத்து வயதிலும் பதினாறு வயதிலும் ஒவ்வொன்று. முதல் மூன்றோடு நிறுத்தியவர்கள் பாதி வழியில் நிற்கிறார்கள்; காப்பு ஆண்டுகளோடு தேயும், பிள்ளை மண்ணில் ஓடி ஆடும் வயதோ அப்போதுதான் தொடங்கும். தவறவிட்டோம் என்று கூசுவோருக்குச் சொல்வேன்: காலம் கடந்துபோகவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம், வயதுக்கேற்ற ஊசியை மருத்துவரே தெரிந்து போடுவார். புதன்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடுகிறார்கள். பெட்டிக்குள் கிடக்கும் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். கட்டங்களில் எது காலியாக இருக்கிறதோ அதனை வரும் புதன்கிழமை நிரப்பிவிடுங்கள். சந்தேகங்கள் இருந்தால் அவற்றையும் எழுதிக்கொண்டு சென்று கிராம சுகாதாரச் செவிலியரிடமும் மருத்துவரிடமும் தயங்காமல் கேளுங்கள். விடை சொல்வது அவர்கள் கடமை. கேட்டுத் தெளிந்து போட்டுக்கொள்வதே விவேகம். கேளாமலே மறுப்பதற்கு இந்நோயில் இடமில்லை.